மான்கொம்பிலும் எலும்பிலும் கருவி செய்யும் பழைய முறை

மான்கொம்பு என்பது எலும்பு. மாட்டுக்கொம்பு அப்படியல்ல. அதன் உள்ளே ஓர் எலும்பு முளை இருக்கும், வெளியே இருக்கும் உறை நம் நகத்தில் உள்ள அதே பொருளால் ஆனது. மாட்டுக்கொம்பைச் சூடு காட்டினால் இளகும், வளைக்கலாம், தட்டையாக்கலாம். மான்கொம்பையும் மரைக்கொம்பையும் நெருப்பில் காட்டினால் கருகி வெடிக்கும். கற்கால வேட்டைக்காரரின் கொம்பு வேலையைப் படித்துவிட்டுச் செய்து பார்க்க ஆசைப்படுகிற பலர் இந்த இடத்திலேயே தவறுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் தச்சு வேலை செய்கிறவன். முதிரை, பாலை, வீரை என்று வன்னிக் காட்டு மரங்களோடு பழகிய கை இது. பழைய எலும்புக் கருவிகளின் படங்களைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, வேலை ஓய்ந்த பின்னேரங்களில் கொட்டிலில் அதையும் செய்து வருகிறேன். இந்த வேலைக்குப் பலம் அதிகம் தேவையில்லை. பொருள் எந்தப் பக்கம் பிளக்க ஆயத்தமாக இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும், நனைய வைத்துவிட்டுக் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

மான்கொம்பு முளைக்கும்போது மேலே மெல்லிய மயிர்த்தோல் மூடியிருக்கும், அதில் இரத்தம் ஓடும். வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்துவிடும். ஆண்மான் அதை மரத்தில் உரசி உரித்துவிடும். மிஞ்சுகிற கட்டி எலும்பைத்தான் நாம் கொம்பு என்கிறோம். பிறகு அது தானாகக் கழன்று விழும், புதிது முளைக்கும். நம் புள்ளிமானிலும் மரையிலும் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. வடதுருவப் பக்கத்துப் பனிமானில் பெண்ணுக்கும் உண்டு. அந்தக் காலத்தில் வன்னி வீடுகளில் கத்திக்கு மரைக்கொம்புப் பிடி போட்டிருப்பார்கள். அப்படி ஒரு பிடியின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் கிடைத்தால் நன்றாகக் கவனியுங்கள். ஓரம் முழுவதும் வெள்ளையாக, இறுக்கமாக, மினுமினுப்பாக ஒரு வளையம் இருக்கும். நடுவில் சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில், பொட்டுப் பொட்டாகத் துளை விழுந்த சோத்தியான பகுதி இருக்கும். கருவி வருவது அந்த வெளி வளையத்திலிருந்துதான். நடுப்பகுதி ஒன்றுக்கும் உதவாது, சுரண்டி எறிய வேண்டியதுதான். கொம்பின் அடிப்பக்கத்தில் வளையம் தடிப்பு, நுனிக் கவர்கள் கிட்டத்தட்ட முழுக்கக் கட்டி. எந்தக் கருவியை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை முடிவு செய்வது இதுதான்.

சாதாரண எலும்பை விட மான்கொம்பில் சுண்ணச் சத்து குறைவு, பசைச் சத்து அதிகம். அதனால் சட்டென்று முறியாது, கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தாங்கும். ஈட்டிமுனை பாய்ந்து எலும்பில் இடித்தாலும் உடையாமல் நிற்பது இந்தக் குணத்தால்தான். ஆண்மான்கள் கொம்போடு கொம்பு மோதித் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி ஒரு கண்டிப்பான விஷயம். மான்கொம்பு தேடிக் காட்டுக்குள் போகாதீர்கள். கழன்று விழுந்து கிடப்பதுதானே, யாருக்கு நட்டம் என்று தோன்றும். ஆனால் இந்த நாட்டில் காட்டு விலங்குகளைக் காக்க 1937 முதல் ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானின் தோல், கொம்பு கையில் இருந்தால் வழக்கில் மாட்டிக்கொள்ளலாம். கொம்பை வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சுருக்கு வைக்கிறவனும் வருவான். வன்னிக் காட்டில் இன்னும் மரை மிச்சமிருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். இன்னொன்று, பாதை தெரியாத பற்றைக்குள் கல்லோ எலும்போ தேடி இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரிந்த நிலத்தில் மட்டும் கால் வையுங்கள். இதை நம் ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் எதில் பழகுவது? மாட்டின் கால் எலும்பில். கருவி செய்யும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆதிமனிதர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே செய்தார்கள். முழங்காலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே இருக்கும் ஒற்றை நீள எலும்புதான் வேண்டும். இறைச்சிக் கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். நான் கேட்கப் போனபோது கடைக்காரத் தம்பி, "சூப்புக்கே அண்ணை? துண்டு போட்டுத் தரட்டோ?" என்றான். "இல்லைத் தம்பி, வெட்டாமல் முழுசாத் தாங்கோ, ஊசி செய்ய" என்றேன். அன்றிலிருந்து எனக்கென்று நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறான். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை, அதனால் இந்த வேலை முழுவதும் கொட்டிலோடு சரி.

எலும்பை அவிக்கக் கூடாது. நீண்ட நேரம் அவித்தால் உள்ளே இருக்கும் பசைச் சத்து கரைந்து, காய்ந்ததும் மொறுமொறுவென்று உதிரும். இறைச்சியையும் சவ்வையும் கத்தியால் வழித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் மூடிப் போட்டு வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். வெளியே எடுத்து வைக்கும்போது மிச்சச் சவ்வை எறும்பு பார்த்துக்கொள்ளும், நாய்க்கு எட்டாமல் வைத்தால் போதும். கையில் கீறல் இருந்தால் கையுறை போடுங்கள்.

இப்போது கல். ஐரோப்பாவில் இந்த வேலைக்குச் சிக்கிமுக்கிக் கல்லைப் பயன்படுத்தினார்கள். நம்மிடம் வெள்ளைக்கல் இருக்கிறது, அதாவது குவாட்ஸ். இந்தத் தீவின் ஆதிக்குடிகள் கருவி செய்ததும் பெரும்பாலும் அதில்தான். நம் இரணைமடுவின் பெயரையே ஒரு மண்படைவுக்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மேலே செம்மணல், அடியில் பருக்கைக்கல் படை, அந்தப் படைக்குள் கற்கருவிகள். இரணைமடுப் படைவு என்று தொல்லியல் புத்தகங்களில் வருவது அதுதான். தெற்கே அம்பாந்தோட்டைக் கரையில் அதே வகைப் படைவில் தொல்லியலாளர் சிரான் தெரணியகல ஆராய்ந்த இடங்களுக்குச் சுமார் 125,000 ஆண்டும் 80,000 ஆண்டும் என்று காலம் கணித்தார்கள். கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற செம்மண்ணில் எலும்பும் கொம்பும் நிலைப்பதில்லை. களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலைக் குகையில் எலும்பு தப்பியது. அங்கே கிடைத்த எலும்பு அம்புமுனைகள் சுமார் 48,000 ஆண்டு பழையவை என்று 2020இல் ஆய்வு வெளிவந்தது, அவற்றில் பெரும்பாலானவை குரங்கு எலும்பு. மழைக்காட்டு மரக்கொப்புகளில் ஓடும் விலங்கை அம்பால் வீழ்த்தி, அதன் எலும்பிலேயே அடுத்த அம்புக்கு முனை செய்திருக்கிறார்கள். அதை வாசித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஆனால் பழைய கருவி போலத் தெரிகிற கல்லைப் பொறுக்கி உடைக்காதீர்கள். அது கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் அதற்கு இருக்கிறது. வீடு கட்டவோ ஒழுங்கை போடவோ இறக்கிய கிறவல் குவியலில் முட்டை அளவுக்கு வெள்ளைக்கல் வேண்டிய மட்டும் கிடக்கும். வெடிப்பு இல்லாத, கொஞ்சம் கண்ணாடித்தன்மை உள்ள கல்லாகப் பாருங்கள். பால் மாதிரி மங்கிய கல் தூளாகத்தான் போகும்.

வெள்ளைக்கல்லைச் சீவி எடுப்பது சிரமம், அதனால் வேறொரு வழி. ஒரு கருங்கல் பாளத்தை நிலத்தில் வைத்து, அதன்மேல் வெள்ளைக்கல்லை நட்டுக்குத்தாக நிறுத்தி, உருண்டைக் கல்லால் உச்சியில் நேராக அடியுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் விசை போய்க் கல் செதில் செதிலாகப் பிளக்கும். அடிக்கு முன் கண்ணாடி போடுங்கள், கல்லைச் சுற்றிப் பழைய சாக்குத் துண்டு பிடியுங்கள். பறக்கிற துணுக்கு சவர அலகுக்குச் சமம். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்க அடியுங்கள். இந்தக் கல்தூசு நெஞ்சுக்குக் கூடாது, முகக்கவசம் கட்டாயம்.

உடைந்ததில் மூன்று வகை பொறுக்குங்கள். மெல்லிய கூர் விளிம்பு உள்ளது அறுக்க. தடித்த, செங்குத்தான விளிம்பு உள்ளது சுரண்ட. மூன்றாவதுதான் முக்கியம்: இரண்டு முகங்கள் சந்திக்கிற இடத்தில், சின்ன உளியின் மூலைபோலத் திடமான ஒரு முனை. தவாளிப்பு, அதாவது நீளப் பள்ளம், இழுப்பது அதால்தான். ஐரோப்பாவில் இதற்கென்றே அலகின் ஓரத்தை ஒரே தட்டில் சீவி, உளிவாய்க் கருவி ஒன்றைத் தனியாகச் செய்தார்கள். வெள்ளைக்கல் முனை சீக்கிரம் மழுங்கும், கவலை வேண்டாம், அடுத்த துண்டை எடுங்கள்.

இனி எலும்பு. இரண்டு மூன்று நாள் ஊறியதை எடுத்து, முன்பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை நடுவே ஒரு மெல்லிய பள்ளக் கோடு ஓடும். விரலை வைத்து இழுத்தால் தெரியும். பின்பக்கத்திலும் மங்கலாக ஒன்று இருக்கும். மாட்டுக்கு அந்த இடத்தில் கருவிலே இரண்டு எலும்பு, பிறகு ஒன்றாகச் சேர்ந்துவிடும். சேர்ந்த இடத்தின் அடையாளம்தான் அந்தக் கோடு. மானுக்கும் ஆட்டுக்கும் அப்படித்தான். எங்கே பிளக்க வேண்டும் என்று எலும்பே கோடு போட்டுத் தந்திருக்கிறது, அதைப் பல நாட்டு ஆதிமக்களும் தனித்தனியாகக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உளிமுனைக் கல்லை அந்தக் கோட்டில் வைத்து இழுங்கள். அழுத்த வேண்டாம். முன்னும் பின்னுமாக அரக்கவும் வேண்டாம், ஒரே திசையில் உங்கள் பக்கமாக இழுங்கள். முதல் சில இழுவைக்கு ஒரு வெள்ளைக் கீறல்தான் தெரியும், கல் வழுக்கி வெளியே ஓடப் பார்க்கும். மற்றக் கையின் பெருவிரலைக் கல்லுக்குப் பக்கத்தில் அணைத்து ஓட்டினால் ஓடாது. கீறல் ஆழமானதும் கல் தானாகவே தடத்தைப் பிடித்துக்கொள்ளும், சத்தமும் மாறும். கீச்சிடுவது நின்று கரகரவென்று வரும். எலும்பு காய்ந்து வெளிறத் தொடங்கினால் தண்ணீர் தெளியுங்கள், இல்லாவிட்டால் வாளிக்குள் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஈரத்தில் செய்தால் தூசியும் கிளம்பாது. முன்பக்கமும் பின்பக்கமும் சுவர் தடிப்பில் பாதிக்கு மேல் போகும்வரை இழுங்கள். அவசரப்பட்டுப் பாதியிலேயே ஆப்பு வைத்தால் பிளவு கோட்டை விட்டுக் குறுக்கே ஓடிவிடும்.

பிறகு முதிரையிலோ கருங்காலியிலோ மெல்லிய ஆப்பு இரண்டு சீவி, தவாளிப்பில் ஒன்றும் அதன் நேர் எதிரே பின்பக்கம் ஒன்றுமாக வைத்து, மாறி மாறிச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். டக் என்று ஒரு சத்தத்தோடு எலும்பு இரண்டாகும். கீழ் மூட்டில் இரண்டு உருளை இருக்கும், ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்து வரும். அந்த உருளையை வெட்டி எறியாதீர்கள். உள்ளங்கையில் வைத்து அமுக்க அதைவிட நல்ல பிடி கிடையாது. ஆதிக்காலத்துக் குத்தூசிகள் பலவற்றில் மூட்டுப் பாதி அப்படியே நிற்பதைப் பார்க்கலாம்.

கூராக்குவது தேய்ப்பு வேலை. பழைய அம்மி இருந்தால் நல்லது. ஆற்றுமணலைத் தூவித் தண்ணீர் விட்டு, எலும்பைச் சாய்த்து, உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். மான்கொம்பைக் கல்லில் உரைத்து மருந்துக்கு எடுக்கிற வழக்கம் நம் வைத்தியர்களிடம் இருந்தது, அதே கைதான் இதற்கும். முனை ஊசியாக வேண்டும் என்று முதலிலேயே மெலிதாக்காதீர்கள். முதலில் நீளத்துக்கு ஒரே சரிவு, கடைசியில்தான் நுனி. மினுக்குவதற்குப் பராயிலை போதும். எங்கள் தொழிலில் அரத்தாள் வருவதற்கு முன் மரத்தை மினுக்கியது அந்த இலைதான். எலும்பை அது மினுக்குகிற விதத்தைப் பார்த்தால் கடைத்தாளைத் தொட மனம் வராது.

இதே வேலையை மான்கொம்பில் செய்தவர்களுக்கு இயற்கைக் கோடு கிடையாது, தாங்களே இரண்டு கோடு போட வேண்டும். இங்கிலாந்தில் யோர்க்ஷயரில் ஸ்டார் கார் என்று ஓர் இடம். பழைய ஏரிக்கரைச் சேறு. 1949 முதல் 1951 வரை தொல்லியலாளர் கிரஹாம் கிளார்க் அங்கே தோண்டியபோது, செம்மான் கொம்பில் செய்த முள்வைத்த ஈட்டிமுனைகள் மட்டும் 191 கிடைத்தன. ஏறக்குறைய 11,000 ஆண்டு பழையவை. காற்றுப் புகாத சேற்றில் கிடந்ததால் அழியவில்லை, வேலையின் ஒவ்வொரு படியும் கழிவோடு சேர்ந்து கிடைத்தது. அதைப் பார்த்து முறையை அப்படியே சொல்லலாம். கொம்பின் நடுத்தண்டில் நீளவாக்கில் இரண்டு தவாளிப்பு, இடையில் ஒரு விரல் அகலம். இரண்டும் வெளி வளையம் முழுவதையும் அறுத்து நடுச் சோத்திப் பகுதியைத் தொட வேண்டும். இரண்டு நுனியிலும் தவாளிப்புகளைச் சேர்த்துவிட்டால் இடையில் ஒரு நீளச் சலாகை தனியாக நிற்கும், அடியில் பிடித்திருப்பது அந்தச் சோத்தி மட்டும். ஒரு பக்கத்தால் ஆப்பை விட்டு நெம்பினால் சலாகை எழும்பிவிடும். அப்புறம் பக்கத்தில் இன்னொரு தவாளிப்பு இழுத்தால் அடுத்த சலாகை. கொம்பை நெடுக்குவாட்டில் சீராக எடுக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை. குறுக்கே உடைத்தால் நீளம் போய்விடும். மரத்தில் வைரம் ஓடுகிற போக்கிலே பிளந்து எடுக்கிற சிலாகைக்கு இருக்கிற உறுதி குறுக்கே அறுத்ததுக்கு இல்லையே, அதே கணக்குத்தான்.

கொம்பு ஊறினால் வெளிப்பரப்பு கத்திக்கு வழிவிடும், சுரண்டினால் சுருள் சுருளாகக் கழன்று வரும். காய்ந்ததும் பழையபடி இறுகிவிடும். அதனால் சலாகையைச் சுரண்டி வடிவாக்குவதும் முள் வெட்டுவதும் ஈரத்தோடு முடிய வேண்டிய வேலைகள். முள்ளுக்கு ஒரு ஓரத்தில் சாய்வாக ஒரு வெட்டு, அதைச் சந்திக்க எதிர்ச் சாய்வில் இன்னொன்று, நடுவில் ஒரு சின்ன முக்கோணம் கழன்று விழும். வெட்டு சலாகையின் அகலத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் முனை அந்த இடத்தில் பலவீனப்படும். மாட்டெலும்புப் பாதியிலும் இதைச் செய்து பார்க்கலாம், ஆனால் எலும்பு கொம்பு அளவுக்கு விட்டுக்கொடுக்காது, முள்ளைக் குட்டையாகவே வையுங்கள்.

கொம்பின் மற்றப் பகுதிகளும் வீண்போகவில்லை. தடித்த அடித்துண்டு சுத்தியல். கல்லால் கல்லை அடிப்பதைவிடக் கொம்பால் அடித்தால் செதில் மெல்லியதாக, நீளமாகக் கழரும், ஏனென்றால் கொம்பு கல்விளிம்பைக் கொஞ்சம் கவ்விப் பிடிக்கும். இங்கிலாந்தின் பொக்ஸ்குரோவில் கிடைத்த அப்படிப்பட்ட கொம்புச் சுத்தியல் ஏறக்குறைய 5 இலட்சம் ஆண்டு பழையது. நம் இனம் தோன்றுவதற்கு முந்தைய மனிதர் பிடித்த சுத்தியல் அது! நுனிக் கவர், கல் விளிம்பில் அமுக்கிப் பொடிச் செதில் கழற்ற உதவும். பிரான்ஸ் பக்கத்துக் கடைசிப் பனிக்காலத்து வேட்டைக்காரர் பனிமான் கொம்பில் ஈட்டி எறிகருவியே செய்து, அதன் நுனியில் விலங்குருவம் செதுக்கினார்கள்.

முனையைத் தடியில் பூட்டுவதற்கு நம்மூர்ப் பொருட்களே போதும். நேரான காய்ந்த தடியின் நுனியைப் பிளந்து, உள்ளே முனையின் அடியை இறுக்கிப் பொருத்துங்கள். பசைக்கு இரண்டு பங்கு குங்கிலியத் தூள், ஒரு பங்கு தேன்மெழுகு, கொஞ்சம் கரித்தூள். சிறு தணலில், வெளியில் வைத்து உருக்குங்கள். சுவாலை பட்டால் குப்பென்று பற்றும், பக்கத்தில் மண் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு மரல். பற்றையோரத்தில் வாள்போல நீட்டி நிற்கும் இலை. வெட்டி, பலகையில் வைத்து மழுங்கல் கத்தியால் வழித்தால் பச்சைச் சதை கழன்று வெள்ளை நார் நிற்கும். ஈர நாரால் இறுக்கிச் சுற்றி, மேலே இன்னும் கொஞ்சம் பசை பூசுங்கள். வேட்டைக்கு அல்ல, கட்டுப் பிடிக்கிறதா என்று வைக்கோல் கட்டில் குத்திப் பார்க்க.

குத்தூசியை என்னிடமிருந்து முதலில் வாங்கியவ அயலில் கடகம் இழைக்கிற ஆச்சி. விளிம்பு பொத்தும்போது பனையோலை கிழியாமல் துளை விழுகிறது, கம்பி ஊசி ஓலையை அறுக்கிறது, இது விலக்கிக்கொண்டு போகிறது என்று சொன்னா. வளைவான முனை வேண்டும் என்றும் கேட்டா. வளைவுக்கு எலும்பை வளைக்க முடியாது, பிளக்கும்போதே அகலமான பாதியை எடுத்து வளைவாகத் தேய்க்க வேண்டும். நுனி மழுங்கினால் அம்மியில் நாலு உரசல் போதும். தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவி நிழலில் வையுங்கள். வெயிலில் விட்டால் நீளவாக்கில் வெடிக்கும், வெடித்ததை ஒட்ட வழியில்லை.